இருப்பதிலேயே பெரியது

“மறுபடி எப்ப ஸ்கூலுக்கு வருவ?” என்று ஒருமுறை, என்னோடு ஒன்பதாவது படித்த செண்பகா கேட்டாள். அப்பா துப்பாக்கி வாங்கியதும் என்றேன். ஊராட்சித் தேர்தலில் ஜெயித்த அப்பா, தோற்றவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து என் படிப்பை நிறுத்தியிருந்தார். இன்றும் துப்பாக்கிக் கடையில் இருப்பதிலேயே பெரிய பிஸ்டலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார்.

“தேர்தல் வந்தா இத போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணுமாமே?”

“ஆமாண்ணே. போன தடவையும் சொன்னேன்,” என்றார் கடைக்காரர்.

“அப்பதானய்யா அவனுங்க வருவானுங்க?”

“அதுக்கு நான் என்னண்ணே பண்ண? எடுக்கறீங்களா, உள்ள வைக்கட்டுமா?”

“கனமா இருக்கு. சின்னத வாங்குனா எவனும் பயப்பட மாட்டான்.”

செண்பகா இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள்.

“நான் ஒன்பதாவத எப்பப்பா முடிக்கிறது?” என்றேன்.

அப்பா, குழல் என் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துப் பார்த்து, பிஸ்டலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். படியிறங்கிப் போனார்.