பானெட்டில் ஒரு சிங்கம்

"மொதல்ல அந்தக் கத்தியக் கீழ போடுங்க சார்!"

ராசாங்கத்தின் கை அப்படியே நின்றது. அரியலூர் கடைத்தெருவில், பட்டப்பகலில், ஐம்பத்தெட்டு வயது மனிதர் பழம் நறுக்கும் கத்தியோடு தன் சொந்தக் காரின் பானெட் மேல் கவிழ்ந்து கிடந்தால் யார்தான் பதற மாட்டார்கள்?

சத்தம் போட்டவர் எதிரிலிருந்த ஸ்டிக்கர் கடைக்காரர். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"பெயிண்டும் சேந்து வருது பாருங்க. இத்தாம்பெரிய ஸ்டிக்கரக் கத்தியால சொரண்டலாமா?"

பானெட் முழுக்கப் பரந்திருந்தது ஒரு சிங்கம். ராசாங்கம் சாதிச் சங்கத்துக்கு ஒன்றியத் தலைவரான அன்று ஒட்டியது. கீழே கொட்டை எழுத்தில் 'வழி விடு' என்று வேறு இருந்தது. ஊரையே வழிவிடச் சொன்ன மனிதர் இப்போது வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"அண்ணே, பதினோரு மணிக்குள்ள இது போவணும். இல்லன்னா எம் பொண்ணு மொகத்துல இந்த ஜென்மத்துல முழிக்க முடியாது."

"கடை இன்னிக்கு லீவு சார். ஒரு சாமான் எடுக்கத்தான் வந்தேன்" என்ற கடைக்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். சிங்கத்தைப் பார்த்தார். ராசாங்கத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு போய் ஷட்டரைத் தூக்கினார்.

சூடான காற்று அடிக்கும் மெஷினோடு வந்தவர் சிங்கத்தின் வாலிலிருந்து ஆரம்பித்தார். சூடு காட்டுவதும், நுனியை நகத்தால் கிளப்புவதும், சாய்வாக மெல்ல இழுப்பதுமாக வேலை நடந்தது. "அவசரப்பட்டா கிழியும். சூடு கூடிப்போனா பெயிண்ட் பொங்கிடும்" என்றார். மணி பத்தைத் தொட்டபோது வால் மட்டும்தான் வந்திருந்தது.

சும்மா நிற்க முடியாமல் ராசாங்கம் எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் மகள் பூங்குழலி வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டாள். இன்று அவள் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். ராசாங்கத்தின் தங்கச்சி ஜெயசித்ரா பூங்குழலியிடம் கெஞ்சிக் கூத்தாடி, இன்று காலையில்தான் சம்மதம் வாங்கினாள். அன்னிக்கு வந்த அதே வண்டியில் அப்பா வரட்டும், சிங்கம் மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம் மகள்.

மீன்சுருட்டியிலிருந்து ஒரே ஓட்டமாக வந்த ராசாங்கம், நகத்தால் பிய்த்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். மகள் வீட்டுத் தெருமுனையான இந்தக் கடைத்தெருவுக்கு வந்து பிய்த்துப் பார்த்தபோதுதான், அது அவ்வளவு லேசில் வராது என்று புரிந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" குனிந்தபடியே கேட்டார் கடைக்காரர்.

"நாலு வண்டியில ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்து, அவுங்க வூட்டு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் கத்துனோம். சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேண்ணே. உள்ள இருந்து யாரும் வரல. பதிலுக்கு ஒரு வார்த்தகூடப் பேசல."

மெஷின் நின்றது. கடைக்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். சூடு தாங்கவில்லை போலும் என்று ராசாங்கம் நினைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையோட அப்பா என்ன தொழில் பண்றாரு?"

"தெரியாதுண்ணே. பேருகூடத் தெரியாது. அந்த வூட்டுப் பேச்சே என் காதுல விழக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிருந்தேன்." சொல்லும்போதே அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

தலை உரிந்து வந்தபோது மணி பத்தே முக்கால். ஒட்டியிருந்த பசையை எண்ணெய் தொட்டு எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தார் கடைக்காரர். ராசாங்கம் ஆசையாகக் குனிந்து பார்த்தார். அடுத்த கணமே தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிங்கம் போகவில்லை. மற்ற இடமெல்லாம் வெயிலில் நின்று நின்று வெளுத்திருக்க, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் வாங்கிய அன்று இருந்த சிவப்பில் பளபளத்தது. பிடரி, வால், 'வழி விடு' எல்லாம் அப்படியே தெரிந்தன.

"நெழலு விழுந்துபோச்சு சார். பாலீஷ் போட்டாலும் ஒரு நாள்ல போவாது."

"அய்யோ, வேணும்னே விட்டு வெச்சேன்னுதானே நெனப்பா! பேத்தி மொகத்த ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும்ணே. அதுக்குக்கூட எனக்குக் குடுத்து வெக்கலியே!"

ராசாங்கம் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அந்த வழியே போன சிமென்ட் லாரிக்காரர்கூட வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைக்காரர் மெஷினை எடுத்துக் கடைக்குள் வைத்தார். கையைக் கழுவினார். வேட்டியை இறக்கிவிட்டார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பிறகு காரின் முன்கதவைத் திறந்து, ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிங்க. வண்டிய எடுங்க."

ராசாங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க எங்கண்ணே வரீங்க?"

"எம் பேத்திக்குப் பேரு வைக்கத்தான், சம்மந்தி."