சளி எடுக்கும் பரீட்சை

சீதாலட்சுமி கை கழுவிவிட்டு வந்தபோது, கொழுந்தன் சந்திரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்று அவளுக்குத் தைரியம் சொன்னான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கணவர் சுந்தரமூர்த்தி. அடுகோடி சிக்னல் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தொண்டையில் துளை போட்டுச் சொருகிய குழாய் வழியாக வென்டிலேட்டர்தான் அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருஷமாகக் காபியில் சூடு, குழம்பில் உப்பு, அவள் நடையில் சத்தம் என்று குறை சொல்லிவந்த வாய்க்கு இப்போது ஓய்வு. அந்த வேலையைக் கண்கள் எடுத்துக்கொண்டிருந்தன.

தொம்மலூர் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டுமானால், குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

குடும்பம் கூடிப் பேசியது. தம்பிக்குச் சளி என்றால் குமட்டும். தங்கைக்கு முதுகுவலி. நர்ஸ் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்த வேகத்தில் அடங்கியது. பெண்டாட்டி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள் என்று ஏகமனதாக முடிவானது.

இன்று பரீட்சை. வைப்பவள் சிஸ்டர் அல்போன்சா.

கையுறை. ஒரு நிமிஷம் கூடுதல் ஆக்சிஜன். வென்டிலேட்டரைக் கழற்றி, மெல்லிய டியூபை உறிஞ்சாமல் உள்ளே விட வேண்டும். வெளியே இழுக்கும்போதுதான் டியூபின் பக்கவாட்டில் உள்ள ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி உறிஞ்ச வேண்டும். மொத்தம் பத்து விநாடி. அதற்கு மேல் போனால் சளியோடு ஆளும் போய்விடுவார்.

"நீங்களும் மூச்சப் புடிச்சிக்கங்கம்மா. உங்களுக்கு முட்டுச்சுன்னா அவருக்கும் முட்டுதுன்னு அர்த்தம்."

பிடித்துக்கொண்டாள். டியூப் உள்ளே போனது.

சுந்தரமூர்த்தியின் முகம் சிவந்தது. கண்கள் பிதுங்கி அவளையே பார்த்தன. அவற்றில் குறை இல்லை, பயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத சரக்கு.

சந்திரன் பார்த்துச் செய்யச் சொல்லிவிட்டு, பார்க்க முடியாமல் வராந்தாவுக்குப் போனான்.

அந்த அறையில் அவர்கள் இருவரைத் தவிர விநாடியை எண்ணிக்கொண்டிருந்தவள் அல்போன்சா மட்டும்தான். வீட்டில் அவளும் இருக்கப்போவதில்லை. அது சீதாலட்சுமிக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

எட்டாவது விநாடியில் டியூப் வெளியே வந்தது.

வென்டிலேட்டரை மாட்டினாள். மானிட்டரில் ஆக்சிஜன் எண் மெல்ல ஏறித் தொண்ணூற்றேழில் நின்றது.

பாஸ் என்று அல்போன்சா தாளில் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை கூட்டிப்போகலாமாம். இப்படி ஒரு மனைவி கிடைக்க சார் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

சீதாலட்சுமி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"செவ்வாக்கிழமை காலைல மட்டும் ஒரு நர்ஸ அனுப்புவீங்களா சிஸ்டர்? ஃபேமிலி கோர்ட்ல வாய்தா இருக்கு. டைவர்ஸ் கேஸ், நான் போட்டதுதான். போகலன்னா தள்ளுபடி பண்ணிடுவாங்க."