எலும்பு சொல்லும்

"ஏழு கோடி வருஷத்துக்குப் பிறகும் டைனோசர் எலும்புக்குள்ள மெத்தென்ற இழையம் இருந்ததாம், பிள்ளை!" வெள்ளவத்தையில் விலங்கியல் டியூஷன் கொடுக்கும் சிவபாதசுந்தரம் மாஸ்டர் பேப்பரை விரித்துக் காட்டினார்.

மேல்வீட்டு நேசமலர் உட்காரவேயில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

"அப்ப, பத்து வருஷத்து எலும்பெண்டா?"

"அது லேசு. ஆரின்ர எலும்பெண்டே சொல்லிப்போடலாம்."

"பிழை வராதோ, மாஸ்டர்?"

"லேசில பிழை வராது!" மாஸ்டர் உற்சாகமாகச் சிரித்தார்.

அவள் நடையை நிறுத்தினாள்.

"என்ன பிள்ளை?"

"ஊரில ஒரு கிணத்துக்குள்ள எலும்பு எடுத்திருக்கினம். ஒப்பிட்டுப் பாக்க நாளைக்கு என்ர இரத்தம் வேணுமாம். கண்டுபிடிக்கேலாது எண்டு சொல்லுவியள் எண்டுதான் உங்களிட்ட வந்தனான். இவ்வளவு நாளும் என்ர மகன் எங்கையோ உயிரோட இருந்தவன், மாஸ்டர்."