போட்டிக் கம்பெனி

“மேடம், இன்னிக்கு நமக்கு அடிச்சுது லக்கு!”

திருப்பதியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காரோடு காத்திருந்த சாய்குமார், சுமித்ரா வெளியே வந்ததுமே கத்தினான்.

எலும்பு ஆபரேஷனுக்கான பிளேட், ஸ்குரூ, கருவிகள் விற்கும் கம்பெனிக்கு சுமித்ரா ரீஜனல் சேல்ஸ் மேனேஜர். சாய்குமார் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

“சித்தூர்ல சிரஞ்சீவி டாக்டர்கிட்ட அர்ஜென்ட் கேஸாம். பங்காருபாளையத்துல மாங்கா லாரி கவுந்து ஒருத்தருக்குத் தொடை எலும்பு போச்சு. ஆபரேஷன் செட்டு கொண்டாரேன்னு சொன்ன தணிகைவேல், அப்புறம் போனே எடுக்கலையாம்!”

தணிகைவேல் போட்டிக் கம்பெனி ஆள். ஒரு வருஷமாக முட்டிப் பார்த்தும் சிரஞ்சீவி டாக்டரின் ஆஸ்பத்திரிக்குள் இவர்களால் நுழைய முடியவில்லை.

“தெரியும். வண்டிய எடு.” கையிலிருந்த கனமான பையை அவளே பின்சீட்டில் வைத்தாள். “செட்டு வந்துகினு இருக்குன்னு டாக்டருக்குச் சொல்லிடு.”

“அதுக்குள்ள செட்டே ரெடியா? சூப்பர் மேடம்!”

சந்திரகிரி தாண்டியதும் கார் பறந்தது.

“அந்த பஸ்ஸ ஓவர்டேக் பண்ணு. ஹாரன் அடி, அடி!” சீட்டின் நுனிக்கே வந்துவிட்டாள் சுமித்ரா.

“தணிகைவேல் ஏற்கெனவே சொதப்பினவன் மேடம். இன்னொரு வாட்டி ஆனா வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு அவன் கம்பெனியில சொல்லிகினு இருக்காங்க. இன்னியோட அவன் கதை முடிஞ்சிது!”

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது. தணிகைவேல்தான்.

“நீ சித்தூர்ப் பக்கமே வரவேணாம். நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“செம அடி மேடம்!” ஸ்டியரிங்கைத் தட்டினான் சாய்குமார்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேவசேனா ஓடிவந்து பையை வாங்கினாள். பின்னாலேயே சிரஞ்சீவி டாக்டர்.

“ரண்டி மேடம், வாங்க வாங்க! சரியான நேரத்துல வந்தீங்க. இன்னும் தள்ளிப்போட்டா கால் கஷ்டம்னு தவிச்சுக்கினு இருந்தேன். இனிமே உங்க கம்பெனிதான் எனக்கு!”

சாய்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேவசேனா ஜிப்பை இழுத்தாள். பெட்டி மேலிருந்த பெயரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“மேடம், பொட்டி மாறிப்போச்சு! இது தணிகைவேல் கம்பெனி செட்டு!”

“மாறலப்பா,” என்றவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “தணிகைவேல் அனுப்பினதுதான் டாக்டர். நாங்க இருந்த ஆஸ்பத்திரியில அவன் சம்சாரத்துக்குப் பிரசவம். உள்ள அவ வலியில கத்திகினு இருக்கா, வெளிய இவன் இந்தப் பொட்டியக் கட்டிப் புடிச்சிகினு, போறதா இருக்கறதான்னு தெரியாம அழுதுகினு நிக்கறான். நான்தான் புடுங்கிகினு வந்தேன்.”