தொடாத கை

“எந்திரிங்கண்ணே. நான் உருவ மாட்டேன். வீட்டுக்குப் போங்க!”

பாயில் மல்லாந்து கிடந்த சன்னாசிக்கு ஒன்றும் புரியவில்லை. முத்தாயி எண்ணெய் தொட்டு, அவர் தொப்புளுக்கு மேல் கை வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“என்னம்மா இது? குடலேத்தம்தானே? ரெண்டு தரம் உருவிவிட்டா சரியாயிடும்லா.”

“முடியாதுன்னா முடியாது. உங்களுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிதான் சரி. இன்னிக்கே போங்க!”

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

எஸ்டேட்டில் யாருக்கு வயிற்றைப் பிடித்தாலும் முத்தாயிதான். நேற்றுகூட வேலை மேய்க்கும் மண்டோரின் மகனுக்கு உருவிவிட்டாள். அவருக்கு மட்டும் ஏன் இல்லை?

சட்டென்று உறைத்தது. போன தை மாதம் மகள் கல்யாணம். மணவறைப் பக்கம் வந்த முத்தாயியை, “தாலியறுத்தவ முன்னுக்கு நிக்காதே” என்று அவர் மனைவி செல்லம் பின்னால் தள்ளினாள். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பக்கத்து டவுன் கோலா பிலாவில் வயிறு உருவும் இன்னொரு அம்மாவுக்குப் போன் போட்டார்.

“மன்னிச்சுக்குங்கய்யா. உங்களத் தொடக் கூடாதுன்னு முத்தாயி இப்பத்தான் சொல்லிச்சு.”

செல்லம் கொதித்துப் போனாள். “பாத்தீங்களா அவ வஞ்சத்த! இந்த ஊர்ல அவள விட்டா வைத்தியமே இல்லையா? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!”

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

“அங்கிள், வயித்துக்குள்ள போற பெரிய ரத்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கு. எந்த நேரமும் வெடிக்கலாம். நல்ல வேளை, யாரும் அழுத்தி உருவல.”

சன்னாசியும் செல்லமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வயிற்றைக் கிழிக்கவில்லை. இரண்டு தொடையிடுக்கிலும் சின்னத் துளை. அது வழியாகவே துணிக்குழாய் ஒன்றை உள்ளே ஏற்றி, வீங்கிய இடத்தில் விரித்துவிட்டார்கள். நான்காம் நாள் சன்னாசி நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

மறுநாள் இருவரும் முத்தாயி வீட்டு வாசலில் நின்றார்கள். செல்லத்தால் தலை நிமிர முடியவில்லை.

“ஆஸ்பத்திரி மெஷின் கண்டுபிடிச்சத நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“விரலுக்கடியில திம் திம்முன்னு அடிச்சுதுண்ணே. அந்த அடி எனக்குத் தெரியும்.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

முத்தாயி எண்ணெய்க் கிண்ணத்தைத் தூரத் தள்ளி வைத்தாள்.

“என் வீட்டுக்காரருக்கும் அதே எடத்துலதான் அடிச்சுது. குடலேத்தம்னு நெனச்சு, நல்லா அழுத்தி உருவினேன். நான் கைய எடுக்கறதுக்குள்ள போயிட்டாரு.”