தலைவரின் மீன்பாடு

இன்றைக்கு யாருக்கு மீன்பாடு அதிகமோ அவரே படகுச் சங்கத் தலைவர் என்று முடிவாகியிருந்தது. போட்டியில் இரண்டே பேர்: ஒரு படகு முதலாளியும், அவர் மனைவியின் அண்ணனும். காலை மூடுபனிக்குள் ஆளுக்கொரு படகில் போய் இழுவலையை இறக்கிவிட்டார்கள்.

ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்த முதலாளி, வலையை ஏற்றும் வின்ச் முனகியதும் துள்ளி எழுந்தார்.

“முதலாளி, பயங்கர கனம்! கம்பியே அறுந்துடும் போல!” என்றார் டிரைவர்.

முதலாளி வயர்லெஸ்ஸை எடுத்தார். “மச்சான், பேசாம வீட்டுக்குக் கிளம்புங்க! இங்க பாதிக் கடலே வலையில ஏறுது!”

“மீதிப் பாதி இங்க ஏறுது மாப்பிள்ளை!”

“இன்னும் வேகமா இழு!” என்று முதலாளி கத்தினார்.

“கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாமே...”

“தலைவர்கிட்ட பேசுறோம்ங்கிற நினைப்பு இருக்கட்டும்!”

படகு பின்னோக்கி நகர்ந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு இன்னொரு படகின் பின்பக்கம் நெருங்கி வந்தது. அதன் விளிம்பில் வயர்லெஸ்ஸும் கையுமாக மச்சான்!

நடுவே, ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிய இரண்டு வலைகள் மேலே வந்தன. இவ்வளவு நேரமும் அவர் வலையை இவரும், இவர் வலையை அவரும் இழுத்திருக்கிறார்கள். மீன்களோ, இழுத்த இழுப்பில் விழுந்த கிழிசல் வழியே எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருந்தன.

மச்சான் தொண்டையைச் செருமினார். “மாப்பிள்ளை, கரையில கேட்டா என்ன சொல்றது?”

“ரெண்டு பேருக்கும் சரிசமம்னு சொல்லுவோம் மச்சான். அதுல பொய் ஒண்ணும் இல்லையே!”