நவ்ரீன் சொல்லும்வரை

ராயபுரம் மண்டபத்தின் தகரக் கூரை மதிய வெயிலில் சடசடக்கிறது. மேடையோரத்தில் மேடை நிர்வாகி நவ்ரீன், காதில் ஹெட்செட்டும் கையில் குறிப்பேடுமாக நிற்கிறாள். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், யார் எப்போது மேடையேற வேண்டும் என்று பென்சிலில் எழுதிய குறிப்பேடு. இரண்டடி தள்ளி, இருட்டில், அட்டைக் கிரீடத்துக்குக் கீழே வியர்வை வழிய நிற்கிறார் ராஜா வேடம் கட்டிய பார்த்தசாரதி. மேடை நிர்வாகப் படிப்புக்கான நேர்காணலில், "நீ பேசுற பாஷைக்கு எந்த நடிகன்மா கட்டுப்படுவான்?" என்று சிரித்தபடி இவள் விண்ணப்பத்தை மூடிவைத்தவர். அதன்பின் ஆறு வருடம் கச்சேரி மேடைகளில் ஒயர் சுருட்டித்தான் இவள் இந்த வேலையைக் கற்றாள். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. முரசு அதிர்ந்து ஓய்கிறது. அவர் நுழைய வேண்டிய கணம் இதுதான். நவ்ரீனின் பென்சில் அந்த வரியின் மேல் அசையாமல் நிற்கிறது. "இன்னாக்கா, லைட்டு போடவா?" விளக்கு அறையிலிருந்து ஃபவாஸ் ஹெட்செட்டில் பதறுகிறான். "இரு நைனா." கூட்டத்தில் யாரோ விசிலடிக்கிறார்கள். ராஜாவின் வலது கால் முன்னே போகிறது, இருட்டுக்குப் பயந்து பின்வாங்குகிறது. கிரீடம் இவள் பக்கம் குனிகிறது. "போகட்டுமாம்மா?" நவ்ரீன் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்க்கிறாள். "இன்னா அவசரம்? நான் சொன்னா போ. அதுவரிக்கும் கம்முனு நில்லு." ராஜா கம்மென்று நிற்கிறார்.